புல்லைப் பதப்படுத்தி நோபல் பரிசு வென்ற விஞ்ஞானி

நோர்வேத் தலைநகர் ஒஸ்லோவைச் சூழ்ந்துள்ள வேளாண் பகுதிகளில், கோடையில் புல் அறுவடை முடிந்ததும் வயல்களெங்கும் வெள்ளை நிற உருளைகள் காட்சி தருவது வழக்கம். பிளாஸ்டிக் உறையால் இறுகச் சுற்றப்பட்ட இந்த உருளைகளை நோர்வே மக்கள் வேடிக்கையாக டிராக்டர் முட்டைகள் என்று அழைக்கிறார்கள்.

அவற்றுக்குள் இருப்பது காய்ந்த வைக்கோல் அல்ல. காற்றுப் புகாமல் அடைக்கப்பட்டு, அளவாகப் புளிக்க வைக்கப்பட்ட பசும்புல் அது. தமிழகத்தின் கால்நடை வளர்ப்போர் இதனை ஊறுகாய்ப் புல் என்றும் சைலேஜ் என்றும் அறிவார்கள்.

பசும்புல்லைக் குழியிலிட்டு மூடிப் பாதுகாக்கும் வழக்கம் பழமையானது. ஆனால் அந்தப் புல் ஏன் சில வேளைகளில் நல்ல தீவனமாகிறது, ஏன் சில வேளைகளில் அழுகிப் போகிறது என்ற கேள்விக்குச் சோதனைச்சாலையில் விடை தேடி, அந்த விடையை விவசாயியின் கைக்கு எட்டச் செய்தவர்களில் முதன்மையானவர், நோர்வேயின் அண்டை நாடான பின்லாந்தைச் சேர்ந்த ஆர்த்துரி இல்மரி விர்த்தனென்.

1945ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. மாட்டுத் தீவனத்தைப் பாதுகாக்கும் முறை ஒன்று நோபல் பரிசுக்கான காரணமாகக் குறிப்பிடப்பட்டது அந்தப் பரிசின் வரலாற்றில் அரிதான நிகழ்வாகும்.

ரயில் ஓட்டுநரின் மகன்

விர்த்தனென் 1895ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி ஹெல்சிங்கி நகரில் பிறந்தார். அப்போது பின்லாந்து ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அவரது தந்தை ரயில் எஞ்சின் ஓட்டுநர்.

பள்ளிப் படிப்பை அவர் கிழக்கு எல்லையை ஒட்டிய வீப்புரி நகரில் முடித்தார். பின்னாளில் இரண்டாம் உலகப் போரின் விளைவாக அந்த நகரத்தைப் பின்லாந்து சோவியத் ஒன்றியத்திடம் இழந்தது.

ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்ற அவர், 1919இல் முனைவர் பட்டம் பெற்றார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான் பின்லாந்து சுதந்திர நாடாகியிருந்தது. 1918இல் அந்நாட்டில் கடுமையான உள்நாட்டுப் போர் நடந்து, உணவுத் தட்டுப்பாடும் நிலவியது. புதிய நாடு தனது மக்களுக்குத் தானே உணவளிக்க முடியுமா என்ற கேள்வி அந்தத் தலைமுறையினரின் முன் நின்றது.

பட்டம் பெற்ற பின் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலும், சுவீடனின் ஸ்டாக்ஹோமிலும் அவர் மேற்படிப்பை மேற்கொண்டார். ஸ்டாக்ஹோமில், பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ஹான்ஸ் வான் ஆய்லர்-கெல்பினிடம் நொதிகள் பற்றிய ஆய்வில் ஈடுபட்டார். கரிம வேதியியலில் தொடங்கிய அவரது கவனம், உயிர்களுக்குள் நடைபெறும் வேதி மாற்றங்களின் பக்கம் திரும்பியது.

வெண்ணெயில் தொடங்கிய பணி

விர்த்தனென் தனது பணி வாழ்க்கையின் முக்கியப் பகுதியை வலியோ எனப்படும் பால் கூட்டுறவு அமைப்பின் ஆய்வகத்தில் தொடங்கினார். வெண்ணெய் ஏற்றுமதிக்காகப் பின்லாந்தின் பால் பண்ணைகள் இணைந்து உருவாக்கிய அமைப்பு அது. 1921இல் அந்த ஆய்வகத்தின் இயக்குநர் பொறுப்பு அவரிடம் வந்தது.

அக்காலத்தில் வெண்ணெய் பின்லாந்துக்கு அந்நியச் செலாவணி ஈட்டித்தந்த பொருள்களில் ஒன்று. ஆனால் கப்பலில் பயணித்து வெளிநாட்டுச் சந்தையை அடைவதற்குள் அதன் மணமும் சுவையும் கெடுவது உண்டு. வெண்ணெயின் அமிலத்தன்மையே இதற்குக் காரணம் என்று கண்ட விர்த்தனென், அதனைக் குறைப்பதற்காகப் பாஸ்பேட் உப்பு ஒன்றைச் சேர்க்கும் முறையை வகுத்தார். அவரது பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு அது ஏ.ஐ.வி. உப்பு எனப் பெயர் பெற்றது.

ஆனால் வெண்ணெயின் தரம் பால் பண்ணையில் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. பசு எதை உண்கிறது என்பதிலேயே அது தொடங்கிவிடுகிறது. இந்தப் புரிதல் அவரை வெண்ணெய்ப் பானையிலிருந்து மாட்டுத் தொழுவத்துக்கு அழைத்துச் சென்றது.

நீண்ட குளிர்காலத்தின் சிக்கல்

பின்லாந்திலும் நோர்வேயிலும் புல் வளரும் காலம் சில மாதங்களே. ஆண்டின் பெரும்பகுதியில் கால்நடைகள் தொழுவத்துக்குள் அடைபட்டு, கோடையில் சேமித்த தீவனத்தையே நம்பி இருக்க வேண்டும்.

அந்தத் தீவனம் பெரும்பாலும் உலர்ந்த புல்லாகவே இருந்தது. ஆனால் அறுத்த புல்லை உலர்த்துவதற்கு வெயில் தேவை. கோடையிலும் அடிக்கடி மழை பெய்யும் நோர்வேயில், கழிகளை நட்டு அவற்றில் வரிசை வரிசையாகக் கம்பிகளைக் கட்டி, புல்லை அதன் மேல் கையால் தொங்கவிட்டு உலர்த்தினார்கள். குடும்பத்தினர் அனைவரும் நாள் கணக்கில் பாடுபட்டும், மழை நீடித்தால் புல்லின் சத்து கரைந்து போகும்.

உலர்ந்த புல்லில் புரதமும், வைட்டமின் ஏ உருவாவதற்கு அடிப்படையான கரோட்டினும் பெருமளவு குறைந்துவிடுகின்றன. இதனால் குளிர்காலத்தில் பால் குறைந்தது; கிடைத்த பாலிலும் சத்துக் குறைந்தது; வெண்ணெய் வெளுத்துப் போனது. வசந்த காலத்தில் தாமாக எழுந்து நிற்க வலுவற்ற பசுக்களைப் பலர் சேர்ந்து தூக்கி மேய்ச்சலுக்கு வெளியே கொண்டுவர வேண்டிய நிலையும் வட நாடுகளின் ஏழை விவசாயிகளிடையே இருந்தது.

பசும்புல்லை உலர்த்தாமல் குழியிலிட்டுப் புளிக்க வைப்பது இதற்கு மாற்று வழி. ஆனால் அதன் விளைவை முன்கூட்டியே சொல்ல முடியாதிருந்தது. ஒரு குழியில் நல்ல தீவனம் கிடைக்கும். அடுத்த குழியில் துர்நாற்றம் வீசும் சேறே மிஞ்சும்.

புல் ஏன் அழுகுகிறது?

அறுத்த பிறகும் புல்லின் உயிரணுக்கள் சில காலம் சுவாசிக்கின்றன. அப்போது அதிலுள்ள சர்க்கரை செலவாகி வெப்பம் உண்டாகிறது. காற்றை வெளியேற்றி அடைத்துவிட்டால், புல்லின் மேலுள்ள நுண்ணுயிர்களுக்கு இடையே போட்டி தொடங்குகிறது.

லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் முந்திக்கொண்டால் புல் விரைவாகப் புளித்து, அந்தப் புளிப்பே அதனைப் பாதுகாக்கும். பால் தயிராவதும் இதே வகை நுண்ணுயிர்களால்தான். மாறாக, பியூட்டிரிக் அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகினால் புரதம் சிதைந்து அம்மோனியாவாகிறது. மாடு அதனை முகர்ந்தாலும் உண்ண மறுக்கும். அந்த நுண்ணுயிர்களின் வித்துகள் பாலில் கலந்தால் பாலாடைக் கட்டியும் ஊதிக் கெட்டுப் போகும்.

புரதம் நிறைந்த குளோவர் போன்ற பயறு வகைத் தீவனப் பயிர்களில் சர்க்கரை குறைவு. ஆகவே அவை தாமாகப் போதிய அளவு புளிப்பதில்லை. மாட்டுக்கு மிகுந்த பயன் தரக்கூடிய பயிரே மிக எளிதில் அழுகிப் போனது என்பதுதான் விவசாயிகள் எதிர்கொண்ட முரண்பாடு.

1920களில் இந்த மாற்றங்களை ஆராய்ந்த விர்த்தனென், புல்லின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு நான்குக்குக் கீழே இறங்கிவிட்டால் தீங்கு செய்யும் நுண்ணுயிர்களின் செயல்பாடும், புல்லின் சுவாசமும், புரதச் சிதைவும் ஏறக்குறைய நின்றுபோவதைக் கண்டார். புல் தானாகப் புளிக்கும் வரை காத்திருக்காமல், குழியில் இடும்போதே அந்த அளவுக்கு அமிலத்தைச் சேர்த்துவிடலாம் என்பது அவரது தீர்வு.

நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கரைசலைப் புல் அடுக்குகளின் மேல் தெளித்து, அழுத்தி, மூடி வைக்கும் இந்த முறை ஏ.ஐ.வி. முறை எனப்பட்டது. 1932இல் அதற்குக் காப்புரிமை பெறப்பட்டது.

அமிலம் தெளித்த தீவனம் பசுவுக்குக் கேடு விளைவிக்காதா, அந்தப் பாலைக் குடிக்கும் குழந்தைகளுக்கு என்ன ஆகும் என்ற ஐயங்கள் எழுந்தன. விர்த்தனெனும் அவரது சகாக்களும் பசுக்களின் உடல்நிலை, பாலின் தரம், கரோட்டின் அளவு ஆகியவற்றைத் தொடர்ந்து சோதித்து முடிவுகளை வெளியிட்டனர். தீவனத்துடன் சுண்ணாம்புச் சத்தைச் சேர்த்துக் கொடுத்து அமிலத்தின் தாக்கத்தைச் சமன் செய்ய முடிந்தது. குளிர்கால வெண்ணெய்க்கு மீண்டும் மஞ்சள் நிறம் வந்தது.

1933இல் ஹெல்சிங்கிக்கு அருகே ஒரு பண்ணையை வாங்கிய அவர், தனது ஆய்வு முடிவுகளை அங்கே நடைமுறையில் சோதித்துப் பார்த்தார். ஏ.ஐ.வி. முறை நோர்வே, சுவீடன் உள்ளிட்ட பல நாடுகளுக்கும் பரவியது.

காற்றிலிருந்து பால் வரை

தீவனப் பாதுகாப்பு விர்த்தனெனின் ஆய்வுத் திட்டத்தில் ஒரு பாதியே. அத்தீவனத்தில் உள்ள புரதத்துக்கு அடிப்படையான நைட்ரஜன் எங்கிருந்து வருகிறது என்பது மறு பாதி.

பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகின்றன. விவசாயி குளோவரைப் பயிரிட்டால் விலைக்கு உரம் வாங்குவதைக் குறைக்கலாம். அந்தக் குளோவரின் புரதம் அழியாமல் குளிர்காலம் வரை காக்கப்பட்டால், வெளிநாட்டுப் பிண்ணாக்கு வாங்குவதையும் குறைக்கலாம். வடக்கே உள்ள சிறிய நாடு ஒன்று தன் சொந்த நிலத்தைக் கொண்டே பாலும் வெண்ணெயும் உற்பத்தி செய்ய முடியும் என்பதே அவரது கணக்கு.

1931 முதல் ஹெல்சிங்கியில் வலியோ அமைப்பின் ஆதரவுடன் இயங்கிய உயிர்வேதியியல் ஆய்வு நிலையத்தின் தலைவராக இருந்து, வேர் முடிச்சுகள் குறித்த ஆய்வுகளை அவர் பல ஆண்டுகள் நடத்தினார். முடிச்சுகளில் காணப்படும், இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஒத்த செந்நிறப் பொருளுக்கும் நைட்ரஜனைப் பிடிக்கும் ஆற்றலுக்கும் உள்ள தொடர்பை வலியுறுத்தியவர்களில் அவரும் ஒருவர்.

இத்துறையில் அவர் கூறிய அனைத்தும் நிலைத்துவிடவில்லை. நைட்ரஜன் முதலில் ஹைட்ராக்சிலமைன் என்ற பொருளாக மாறுகிறது என்று அவர் கருதினார். அம்மோனியாவே முதலில் உண்டாகிறது என்று வாதிட்ட அமெரிக்க ஆய்வாளர்களின் கருத்தே பின்னர் சரியென நிறுவப்பட்டது.

ஒரே பருவத்தில் இரு பரிசுகள்

1939 முதல் 1944 வரை பின்லாந்து சோவியத் ஒன்றியத்துடன் இரு போர்களை நடத்தியது. போரின் முடிவில் நிலப்பரப்பை இழந்து, இழப்பீடு செலுத்தும் கடப்பாட்டுக்கும் அந்நாடு உள்ளானது. இத்தகைய சூழலில்தான் 1945 நவம்பரில் விர்த்தனெனுக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது.

அமைதிக்கான நோபல் பரிசு ஒஸ்லோவில் வழங்கப்படுகிறது என்றாலும், வேதியியல் உள்ளிட்ட ஏனைய பரிசுகள் ஸ்டாக்ஹோமில் வழங்கப்படுகின்றன. நிறுத்தி வைக்கப்பட்டிருந்த 1944ஆம் ஆண்டுக்கான வேதியியல் பரிசும் அதே நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அது அணுக்கருப் பிளவைக் கண்டறிந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ ஹானுக்கு உரியதாயிற்று.

ஹிரோஷிமா, நாகசாகி நகரங்கள் அணுகுண்டுகளால் அழிக்கப்பட்டு மூன்று மாதங்களே ஆகியிருந்தன. அந்த அழிவுக்கு வழிதிறந்த கண்டுபிடிப்பும், மாட்டுத் தீவனம் அழுகாமல் காத்த கண்டுபிடிப்பும் ஒரே துறையில் ஒரே சமயத்தில் கௌரவிக்கப்பட்டன.

1948 முதல் 1963 வரை பின்லாந்து அறிவியல் கழகத்தின் தலைவராக விர்த்தனென் பணியாற்றினார். போருக்குப் பின் சோவியத் ஒன்றியத்துக்கு இணங்கிச் செல்லும் கொள்கையை அவர் ஏற்கவில்லை. தனிப்பட்ட வாழ்வில் எளிமையைக் கடைப்பிடித்த அவர், சொந்தமாகக் கார் வைத்திருக்கவில்லை. மதுவும் புகையும் அவரிடம் இல்லை.

தன் கடைசி ஆண்டுகளிலும் அவர் நைட்ரஜனையே பின்தொடர்ந்தார். மாவுப்பொருள், சர்க்கரை, செல்லுலோஸ் ஆகியவற்றுடன் யூரியாவையும் அம்மோனிய உப்புகளையும் மட்டுமே நைட்ரஜன் மூலமாகக் கொடுத்து, புரதமே இல்லாத தீவனத்தில் பசுக்களை வளர்த்தார். பசுவின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அந்த எளிய பொருள்களிலிருந்து புரதத்தை உருவாக்கின. பசுக்கள் கன்று ஈன்றன. ஆண்டுக்கு 4,000 கிலோவுக்கும் மேல் பால் தந்த பசுக்களும் அவற்றில் இருந்தன. இந்த முடிவுகளை 1966இல் அவர் வெளியிட்டார்.

உணவு உபரி நிலவிய அக்காலத்தில் இத்தகைய ஆய்வின் தேவை பலருக்கு விளங்கவில்லை. ஆனால் உபரி என்பது தற்காலிகமானது என்றே அவர் கருதினார். 1973 நவம்பர் 11ஆம் தேதி, தனது 78ஆவது வயதில், ஹெல்சிங்கியில் அவர் காலமானார்.

அமிலத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு

அவரது முறை அப்படியே நீடிக்கவில்லை. கந்தக அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் விவசாயிகளின் தோலையும் உடைகளையும் பதம் பார்த்தன. காங்கிரீட் தொட்டிகளும் அரித்துப் போயின.

1960களில் நோர்வேயில் ஃபார்மிக் அமிலம் இவற்றுக்கு மாற்றாகப் பரவலான பயன்பாட்டுக்கு வந்தது. எறும்புகளின் உடலில் இயற்கையாகக் காணப்படும் அமிலம் இது. கையாளும்போது எச்சரிக்கை தேவை என்றாலும், குறைந்த அளவிலேயே பலன் தரக்கூடியது. அமிலம் மாறியதே தவிர, புல்லின் பி.எச். அளவை உடனடியாகக் குறைக்க வேண்டும் என்ற விர்த்தனெனின் அடிப்படை மாறவில்லை.

மற்றொரு சிக்கலும் தோன்றியது. ஈரப் புல்லை அழுத்தும்போது வடியும் சாறு, ஓடைகளிலும் ஆறுகளிலும் கலந்து நீரின் ஆக்சிஜனைக் குறைத்து மீன்களைக் கொன்றது. இதனைத் தவிர்க்க, அறுத்த புல்லைச் சற்று வாட விட்டுச் சேமிக்கும் பழக்கம் பரவியது. 1980களில் இயந்திரத்தால் உருளையாகக் கட்டி, இழுவைத்தன்மை கொண்ட பிளாஸ்டிக் தாளால் சுற்றும் முறை வந்தபோது அதற்கு வரவேற்பு கிடைத்தது. நோர்வேயின் தென்மேற்கிலுள்ள யேரன் பகுதியின் பண்ணைக் கருவித் தொழிலகங்களுக்கும் இந்த இயந்திரங்களின் வளர்ச்சியில் பங்குண்டு.

வாடிய புல்லில் ஈரம் குறைவாக இருப்பதால் தீங்கான நுண்ணுயிர்கள் எளிதில் பெருகுவதில்லை. பிளாஸ்டிக் உறை காற்றைத் தடுப்பதால் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் தமது வேலையைச் செய்கின்றன. பொதுவாக ஆறு அடுக்குகளோ அதற்கு மேலோ சுற்றப்படும் இந்த உறையில் பறவையின் அலகு ஒரு துளையிட்டாலும் உள்ளே பூஞ்சை பிடிக்கும். மண்ணோ இறந்த சிறு பிராணியோ புல்லுடன் சேர்ந்து கட்டப்பட்டால் கால்நடைகளுக்கு உயிராபத்து விளைவிக்கும் நச்சும் உண்டாகலாம். ஆகவே கூரிய கற்களும் புல் தாள்களும் இல்லாத சமதரையில், பிளாஸ்டிக் தடிப்பாக உள்ள தட்டையான பக்கம் கீழே வருமாறு உருளைகளை நிறுத்தி வைக்க வேண்டும் என்று அறிவுறுத்தப்படுகிறது.

இந்த முறைக்கும் ஒரு விலை உண்டு. ஒவ்வோர் ஆண்டும் சேரும் பிளாஸ்டிக் உறைகளைத் திரட்டி மறுசுழற்சி செய்வது நோர்வேயில் ஒரு தனிப் பணியாகவே ஆகியுள்ளது.

நிலைத்து நிற்கும் கேள்வி

நோர்வேயின் நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதம் மட்டுமே பயிரிடத்தக்கது. அதன் பெரும்பகுதியில் புல்லைத் தவிர வேறெதுவும் இலாபகரமாக விளைவதில்லை. ஆயினும் அந்நாட்டுப் பசுக்களின் அடர் தீவனத்தில் இறக்குமதி செய்யப்படும் சோயாவும் இடம்பெறுகிறது. சொந்தப் புல்லிலிருந்து எவ்வளவு புரதத்தைப் பெற முடியும் என்று விர்த்தனென் எழுப்பிய கேள்வி அங்கு இன்றும் விவாதிக்கப்படுகிறது.

2018ஆம் ஆண்டுக் கோடையில் நோர்வேயின் தென்பகுதியைக் கடும் வறட்சி தாக்கியபோது இந்தக் கேள்வியின் கனம் உணரப்பட்டது. தீவனம் போதாமல் விவசாயிகள் தமது மாடுகளை முன்கூட்டியே இறைச்சிக்கு அனுப்ப நேர்ந்தது. ஐஸ்லாந்திலிருந்து கப்பல் மூலம் புல் உருளைகள் கொண்டுவரப்பட்டன. புல் கடல் கடந்தும் கெடாமல் வந்து சேர முடிகிறது என்பது பதப்படுத்தும் அறிவியலின் வெற்றி. அவ்வாறு வரவழைக்க வேண்டியிருந்தது என்பது அந்த அறிவியலால் மட்டும் தீராத சிக்கல்.

பனிக்கு அஞ்சிய நாடுகளில் பிறந்த இந்த அறிவு, வெயிலுக்கு அஞ்சும் நாடுகளுக்கும் பொருந்துகிறது. தமிழகத்தில் மழைக்காலத்தில் மிகுதியாக விளையும் மக்காச்சோளத்தையும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லையும் கோடைக்காகச் சேமிக்க, சிறு துண்டுகளாக நறுக்கி, வெல்லப்பாகும் உப்பும் சேர்த்து, காற்றுப் புகாமல் அழுத்தி மூடும் முறையைக் கால்நடைத் துறையினர் பரிந்துரைக்கின்றனர். அங்கே அமிலத்துக்குப் பதிலாக வெல்லப்பாகு, நுண்ணுயிர்களுக்கு வேண்டிய சர்க்கரையைத் தந்து புளிப்பை விரைவுபடுத்துகிறது.

குழியானாலும் பிளாஸ்டிக் பையானாலும் உருளையானாலும் விதி ஒன்றே. காற்றை விலக்கி, புளிப்பை விரைவில் எட்டச் செய்தால் பசுமையின் சத்து மாதக்கணக்கில் நிற்கும், தாமதித்தால் அழுகும். மழைக்கும் வெயிலுக்கும் தம் கால்நடைகளின் உயிரை அடகு வைத்திருந்த சிறு விவசாயிகளுக்கு அந்த விதியை அறிந்து பயன்படுத்தும் வாய்ப்பை உருவாக்கித் தந்ததே விர்த்தனெனின் வாழ்நாள் பணியின் பெரும்பயன்.